ஆமென் சொன்னாரா, இல்லையா?

எங்கள் நாட்டுச் சட்டம் கப்பல்காரர்களிடம் ரொம்பக் கண்டிப்பானது. கப்பலில் ஏறிய பயணி செத்துப்போனால் தப்பு கப்பல்காரர்மேல்தான் என்று எடுத்த எடுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தன்மேல் தப்பில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் கப்பல்காரர்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். அடுத்த வரியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத தெய்வச் செயல் என்றால் அவருக்குப் பொறுப்பு கிடையாது.

எங்கள் துறைமுகத்தில், பயணிகள் கூடத்துக்கு மேல்மாடியில் இருக்கிறது கடல் விபத்து விசாரணை மன்றம். அதில் பத்தொன்பது வருஷமாக நான் சுருக்கெழுத்தன். 'எதிர்பாராத' என்ற சொல்லை நான் தட்டச்சு செய்த அளவுக்கு எங்கள் விசாயாத் தீவுகளில் வேறொருவர் செய்திருக்க முடியாது. வருஷத்துக்கு இருபது புயல் வருகிற நாடு இது. இருபதும் எங்கள் மன்றத்துக்கு எதிர்பாராமலேயே வந்து சேரும். நான் மாதச் சம்பளக்காரன். சொன்னதை அடித்துக் கொடுத்துவிட்டு மதியச் சோற்றுக்குப் போய்விடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நவம்பரில், ஓல்மெடோ கம்பெனியின் 'எஸ்ட்ரெல்யா' என்ற கப்பல் இங்கிருந்து லெய்த்தே தீவுக்குப் புறப்பட்டு, நாலாவது மணி நேரத்தில் புயலில் கவிழ்ந்தது. நூற்றுப் பத்தொன்பது பேர் செத்தார்கள். அதில் டெமெட்ரியோவும் ஒருவன், எங்களுக்கு டெமெ. படகு என்ஜின் பழுது பார்ப்பவன், வாரத்துக்கு இரண்டு நாள் அக்கரையில் வேலை. அவன் மனைவி புரிஃபிகாசியோன், எல்லோருக்கும் புரிங். துறைமுகத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசகம் வாசிப்பவள். மற்ற நாளில் அதே கோயில் வாசலில் தென்னோலையில் பொதிந்து வேகவைத்த சோற்றுப் பொட்டலமும் பன்றி வறுவலும் விற்பாள்.

விசாரணையின் முதல் நாள் அவள் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்கு ஒரே ஒரு வரி வேணும். புயல்னு தெரிஞ்சேதான் கம்பெனி கப்பலை அனுப்புச்சுன்னு எழுதி, சீல் குத்திக் குடுத்தாப் போதும். அவரு கல்லறையில படிச்சுக் காட்டிட்டு நான் என் பொழப்பைப் பாக்கப் போயிடுவேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"எந்த மத்தியானம்னு சொல்றது கஷ்டம்," என்றேன்.

முதல் நாலு மாதம் புயலின் பெயரிலேயே போயிற்று. எங்கள் கடலுக்குள் நுழைகிற புயலுக்கு எங்கள் வானிலை அலுவலகம் ஒரு பெயர் வைக்கும். உலகம் அதற்கு ஏற்கெனவே வேறொரு பெயர் வைத்திருக்கும். எஸ்ட்ரெல்யாவின் கேப்டனுக்குப் போன எச்சரிக்கைக் காகிதத்தில் 'தோரன்' என்று இருந்தது. எங்கள் ரேடியோவில் சொன்னது 'மாயுமி'. கம்பெனி வக்கீல் அட்டர்னி ரெம்புயான் எழுந்தார். வெள்ளைச் சட்டை, அன்னாசி நாரில் நெய்தது. குரலும் அதே வழவழப்பு.

"கனம் தலைவர் அவர்களே, என் கட்சிக்காரர் தோரனை எதிர்பார்த்தார். எச்சரிக்கையா இருந்தார். தோரன் வந்திருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா வந்தது மாயுமி."

"ரெண்டும் ஒண்ணுதானே அட்டர்னி?" என்றார் மன்றத் தலைவர், ஓய்வு பெற்ற கேப்டன் லியோன்சியோ.

"காகிதத்துல ரெண்டுங்க, ஐயா."

வானிலை அலுவலரைக் கூப்பிட்டார்கள். தோரனையும் மாயுமியையும் ஒரே இடத்தில் ஒன்றாகப் பார்த்தவர் யாராவது உண்டா என்று அட்டர்னி கேட்டார். ஒன்றுதான் இருந்தது, எப்படி இரண்டாகப் பார்க்க முடியும் என்றார் அலுவலர். "பார்த்தவர் இல்லை என்று பதிவு செய்யவும்," என்றார் தலைவர் என்னைப் பார்த்து. பதிவு செய்தேன்.

அடுத்த மூன்று மாதம் புயல் சிக்னல். புறப்பட்ட மாகாணத்தில் சிக்னல் ஒன்று ஏற்றியிருந்தார்கள். சேர வேண்டிய மாகாணத்தில் சிக்னல் மூன்று. அட்டர்னி சுவரில் வரைபடத்தை மாட்டி, கப்பல் கவிழ்ந்த இடத்தில் விரலை வைத்தார்.

"சிக்னல் மாகாணத்துக்குத்தான். இது எந்த மாகாணம்?"

"அது கடலாச்சே," என்றார் தலைவர்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

தலைவரின் இடப்பக்கத்து உறுப்பினர் ஒரு வாரம் யோசித்து வந்து, கடலுக்குச் சிக்னல் இருந்ததாகச் சான்று இல்லை, ஆகவே கடலில் எச்சரிக்கை எதுவும் இல்லை என்று தீர்மானம் வாசித்தார். புரிங் என் காதருகில் குனிந்தாள்.

"அண்ணே, கப்பல் பின்ன எங்க ஓடுச்சாம்? நெல்லு வயல்லயா?"

"உஷ்," என்றேன். இந்த மன்றத்தில் இரண்டு தலைவர்களைப் பார்த்தவன் நான். உஷ் சொல்லத் தெரிந்ததால்தான் பார்த்தேன்.

எட்டாவது மாதம் அவளுக்கு மன்றத்திலிருந்து அழைப்பாணை போயிற்று. தன் முறை வந்துவிட்டது, டெமெயைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்று சந்தோஷமாக வந்தாள். அழைப்பாணையை நான்தான் அடித்தேன் என்பதால் எனக்கு விஷயம் தெரியும். அதில் 'விதவை' என்று இல்லை. 'குரல்' என்று இருந்தது.

எங்கள் கப்பல்கள் ஜெபம் சொல்லாமல் புறப்படுவதில்லை. பயணிகள் ஏறி, மூட்டை, கோழி, பன்றிக்குட்டி எல்லாம் ஒழுங்கானதும் ஒலிபெருக்கியில் ஜெபம் ஓடும். எல்லோரும் பேச்சை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கடைசியில் ஆமென் சொல்வதற்காக நாலு விநாடி இடைவெளி விட்டிருக்கும். ஆமென் விழுந்ததும் கயிறு அவிழ்ப்பார்கள். ஓல்மெடோ கம்பெனியின் பதினாறு கப்பல்களிலும் ஓடுகிற ஜெபம் புரிங்கின் குரல். ஒன்பது வருஷத்துக்கு முன் கம்பெனி அலுவலகத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசித்துக் கொடுத்தது. அதற்கு அவளுக்கு ஒரு மூட்டை அரிசியும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு நன்றிப் பத்திரமும் கொடுத்தார்கள்.

அட்டர்னி ரெம்புயான் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து அழுத்தினார்.

"ஆண்டவரே, இந்தக் கப்பலையும் இதில் இருக்கும் எங்களையும் காற்றையும் அலையையும் உமது கையில் ஒப்படைக்கிறோம். எங்களைக் கரை சேர்ப்பது உமது பொறுப்பு."

அழகான குரல். அவசரமே இல்லாத குரல். கேட்டவுடன் தலைவர் எழுந்துவிட்டார். உறுப்பினர்கள் எழுந்தார்கள். காவலாளி தொப்பியைக் கழற்றினான். நானும் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தேன். நாலு விநாடி வந்தது. நாங்கள் எல்லோரும், பழக்க தோஷம், ஒரே குரலில் "ஆமென்" என்றோம். புரிங் மட்டும் சொல்லவில்லை. தன் குரல் வந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆமெனைப் பதிவு செய்ய வேண்டாம்," என்றார் தலைவர் உட்கார்ந்தபடி.

அட்டர்னி புன்னகை செய்தார். "கவனிச்சீங்களா? யாரும் கட்டாயப்படுத்தல. மனசாரச் சொன்னீங்க. அன்னைக்குப் பயணிகளும் அப்படித்தான். கயிறு அவுக்கறதுக்கு முன்னாடியே, சாட்சிகள் முன்னால, வாய்விட்டு, கப்பலை ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பயணம் என் கட்சிக்காரரோடது இல்ல. தெய்வச் செயல்னு நாங்க சொல்லலை. பயணிகளே சொல்லியிருக்காங்க."

"ஆமென் விழலைன்னா?" என்று வலப்பக்கத்து உறுப்பினர் கேட்டார். வருஷத்துக்கு ஒரு கேள்வி கேட்பார். அந்த வருஷத்துக் கேள்வி அது.

"ஆமென் இல்லாம எங்க கம்பெனியில ஒரு கயிறு அவுக்க மாட்டாங்க. விதிப் புத்தகத்துல நானே எழுதி வெச்சிருக்கேன். ஆமென் வரலைன்னா கப்பல் எங்க பொறுப்பு. வந்துட்டா அவர் பொறுப்பு." மேலே விசிறியைக் காட்டினார்.

புரிங் எழுந்தாள். "அட்டர்னி, அந்தப் பேப்பர் நீங்க குடுத்ததுதானே. எங்க ஃபாதர் சொல்ற ஜெபத்துல 'எங்களைக் காப்பாற்றும்'னுதான் வரும். நான் அன்னைக்கே உங்ககிட்டக் கேட்டேன். காப்பாத்துன்னு கேட்டா ஆண்டவர்மேல சந்தேகப்படற மாதிரி இருக்கும்மா, ஒப்படைக்கிறோம்னு வாசின்னு நீங்கதான் சொன்னீங்க. பொறுப்புங்கற வார்த்தையை நீங்கதான் பேனாவால எழுதினீங்க."

அறையில் ஒரு சலசலப்பு. பின்வரிசையில் இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நான் வேகமாக எழுதினேன். மாட்டினான் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன்.

அட்டர்னி தலைவரைப் பார்த்துக் குனிந்தார். "அம்மாவுக்கு நன்றி. என் கட்சிக்காரர் எவ்வளவு அக்கறையானவர்னு இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது. விபத்துக்கு ஏழு வருஷம் முந்தியே, தன் பயணிகள் கடல்ல செத்துப்போகலாமேன்னு உக்காந்து யோசிச்சிருக்கார்."

"முன்யோசனை," என்றார் தலைவர். இடப்பக்கத்து உறுப்பினர் தலையாட்டினார். 'முன்யோசனை' என்று பதிவாயிற்று. இரண்டு பக்கம் தள்ளி 'எதிர்பாராத' என்பதும் பதிவாகியிருந்தது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

அதற்கப்புறம் மன்றம் நியாயமாக நடந்துகொள்ள விரும்பியது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள் என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும் என்று தலைவர் ஆணையிட்டார். ஆமென் சொன்னவர் ஒப்படைத்தவர். சொல்லாதவர் மட்டும் கம்பெனியின் பொறுப்பு. இதற்காகப் படிவம் ஏழு என்று ஒன்று அச்சாயிற்று. அதில் ஒரே கேள்வி: இறந்தவர் ஆமென் சொன்னாரா, இல்லையா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். இல்லை என்றால், கூடவே, இறந்தவர் பக்தி குறைந்தவர் என்று பங்குச் சாமியாரிடம் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்.

துறைமுகத்துப் பங்கில் ஃபாதர் ஊர்பானோ கோபக்காரர். "செத்தவன் ஜெபம் பண்ணாதவன்னு மாடியில போய்ச் சத்தியம் பண்ணிட்டு, கீழ வந்து அவனுக்கே பூசை வெக்கச் சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணு வெச்சுக்குங்க," என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். சனங்கள் மாடிக்கும் கோயிலுக்கும் நடையாய் நடந்தார்கள். மாடியில் ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு, கீழே இறங்கி அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள்.

நான் எழுதியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு தாய் தன் மகன் மொடாக்குடியன், ஏறும்போதே மயங்கித்தான் ஏறினான் என்று ஐந்து சாட்சிகளோடு நிரூபித்தாள். தலைவர் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார். காது கேளாத கிழவர் ஒருவரின் மகள் வந்தாள். உதடு அசைந்ததா என்று அட்டர்னி கேட்டார். புகையிலை மென்றிருப்பார் என்றாள். மெல்லுவதற்கும் ஆமெனுக்கும் வாய் அசையும் விதத்தை மன்றத்தில் செய்து காட்டச் சொன்னார்கள், அந்தப் பெண் செய்து காட்டினாள். எட்டு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. குழந்தைக்குப் பேச்சு வராதே என்றான் தகப்பன். ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பெரியவர்கள் பதில் சொல்வதில்லையா, இடுப்பில் வைத்திருந்த தாய் சொன்ன ஆமென் குழந்தைக்கும் சேரும் என்றார் அட்டர்னி. தகப்பன் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அவன் அப்புறம் வரவே இல்லை.

புரிங்கின் படிவம் மட்டும் நிரப்பாமல் கிடந்தது. ஒரு மதியம் நான் அவளிடம் சோறு வாங்கப் போனபோது கேட்டேன்.

"இல்லைன்னு ஒரு குறி போட்டுட்டுப் போயேன் புரிங். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"போட்டா என்ன ஆகும் தெரியுமா அண்ணே? அவரு வாரா வாரம் அந்தக் கப்பல்ல போனவரு. என் குரல் வந்தா பக்கத்துல இருக்கறவனை இடிச்சு, 'கேளுடா, என் பொண்டாட்டி'ம்பாரு. தெரியாதவன்கிட்டக்கூட. ஆமென் சொல்லலைன்னு நான் எழுதினா, கடைசி நாள் அவரு என்னைக் கேக்கலைன்னு ஆயிடும். சொன்னாருன்னு எழுதினா, நான்தான் அவரைத் தண்ணிக்குப் பிடிச்சுக் குடுத்தேன்னு ஆயிடும். ரெண்டு கட்டம்தான் வெச்சிருக்காங்க. மூணாவதா ஒண்ணு இல்ல."

பொட்டலத்தின் ஓலையைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். ஞாயிறு வாசகத்தையும் அவள் அப்போது விட்டுவிட்டிருந்தாள். வாயைத் திறந்தாலே யாரையோ எங்கேயோ அனுப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

அவளுடைய விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே ஓல்மெடோ கம்பெனியின் இன்னொரு கப்பல், 'கார்மெலித்தா', பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. லெய்த்தேக்குத்தான்.

முதலில் மெல்சோர் என்பவனைக் கூப்பிட்டார்கள். எஸ்ட்ரெல்யாவிலிருந்து பிழைத்தவன். டெமெயின் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன். புரிங்கின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சொன்னாருங்க. கப்பல்லயே அவர்தான் சத்தமாச் சொன்னாரு. என் விலாவுல இடிச்சு, என் பொண்டாட்டி குரல்டா, நல்லாச் சொல்லுன்னாரு. நானும் சொன்னேன்."

"கப்பல்லயே சத்தமாக," என்று அட்டர்னி எனக்கு மறுபடி சொன்னார், தவறவிட்டுவிடப் போகிறேன் என்று. பிறகு புரிங்கிடம் திரும்பினார். "அம்மா, உங்க குரல். உங்க புருஷனோட ஆமென். ஒப்படைச்சவங்களும் நீங்க, ஒத்துக்கிட்டவரும் உங்க வீட்டுக்காரர். இதுல எங்க கம்பெனி எங்கம்மா வருது? ஆமாவா, இல்லையா? கட்டத்துல போடுங்க."

புரிங் பேனாவை வாங்கினாள். இரண்டு கட்டத்துக்கும் மேலே பேனா அலைந்தது. அந்த நேரத்தில் காவலாளி உள்ளே வந்து தலைவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தான். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சிக்னல் ஒண்ணு ஏத்திட்டாங்களாம். உறுப்பினர்கள் பாதுகாப்பு முக்கியம். எல்லார் வீடும் ஆத்தைத் தாண்டி இருக்கு. புயல் வரப்போறது தெரிஞ்சும் மன்றத்தை நடத்தறது பொறுப்பில்லாத காரியம். ஒத்திவைக்கிறேன்."

"தெரிஞ்சும்?" என்றாள் புரிங்.

"ரேடியோவுல சொல்றாங்களேம்மா. ஜன்னலைப் பாருங்க. கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்." தலைவர் கோப்புகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றச் சொன்னார்.

"அந்தக் கப்பல் போகுதே ஐயா."

"அது இந்த மன்றத்தோட வேலை இல்லம்மா. கவிழ்ந்தாத்தான் எங்ககிட்ட வரும்."

அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள். படிவத்தை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். எழுதுகிற அட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், கை அதற்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

தூறல் பிடித்திருந்தது. கார்மெலித்தாவின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் சனம் நெரிந்தது. ஏறும் பலகையை இழுக்கிற நேரம். கரைக் கட்டையில் சுற்றிய கயிற்றின்மேல் ஒரு மாலுமி கையை வைத்துக் காத்திருந்தான். ஒலிபெருக்கியில் புரிங்கின் குரல் வந்தது. ஆண்டவரே, இந்தக் கப்பலையும் இதில் இருக்கும் எங்களையும். முந்நூறு பேர் பேச்சை நிறுத்தினார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கயிற்றுக்காரனைத் தாண்டிப் போய்ப் பலகையின் நுனியில் நின்றாள். உமது பொறுப்பு என்று ஒலிபெருக்கி முடித்தது. நாலு விநாடி இடைவெளி வந்தது.

"சொல்லாதீங்க!" என்று கத்தினாள். "யாரும் ஆமென் சொல்லாதீங்க! அது நான்தான்! அந்தக் குரல் நான்தான்! நீங்க ஆமென் சொன்னா செத்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க! மாடியில எழுதி வெச்சிருக்காங்க! என் புருஷன் சொன்னாரு!"

முந்நூறு பேரும் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து வந்து இரண்டு விதமாகச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? திறந்த வாய் திறந்தபடி நின்றது. நாலு விநாடி முடிந்தது. ஆமென் விழவில்லை.

மாலுமி கயிற்றிலிருந்து கையை எடுத்தான். விதிப் புத்தகம் அவனுக்கு மனப்பாடம். ஜெபத்தை மறுபடி போட்டார்கள். மறுபடியும் நாலு விநாடி. ஒரு கிழவர் "ஆ" என்று ஆரம்பித்தார், அவர் மனைவி வாயைப் பொத்தினாள். மூன்றாம் தடவை போட்டார்கள். மாலுமிகள் தட்டு தட்டாகப் போய்க் கெஞ்சினார்கள். "சொல்லுங்கப்பா, நேரமாகுது. ஒரு வார்த்தைதானே." ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்களே தவிர யாரும் சொல்லவில்லை. கப்பல் கேப்டன் மேலிருந்து, "அட்டர்னியைக் கூப்பிடு!" என்று கத்தினார்.

அட்டர்னி ரெம்புயான் அப்போதுதான் காரில் ஒரு காலை வைத்திருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நனைந்த சட்டையில் அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நிறுத்து! கயிறை அவுக்காதே! ஆமென் வரலையா? ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"இல்லைங்க. ஆனா நேரமாச்சு, கிளம்பிடலாமான்னு..."

"மடையா! ஆமென் இல்லாமக் கிளம்பினா யார் பொறுப்பு? நாம பொறுப்பு! கடலைப் பாரு, கண்ணு இல்ல உனக்கு? இந்தக் காத்துல இது அக்கரை போய்ச் சேருமா? போன தடவையும் இதே மாதிரிதான் இருந்துச்சு! முழுகும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! எல்லாரையும் இறக்கு! முதல்ல எல்லாரையும் இறக்கு!"

நான் கொட்டுகிற மழையில் நின்று ஒரு சொல் விடாமல் எழுதினேன். காகிதம் ஊறிப் பென்சில் கிழித்தது. பத்தொன்பது வருஷத்தில் யாரும் எழுதச் சொல்லாமல் நான் எழுதிய முதல் பக்கம் அது.

அந்தப் பக்கத்தை அடுத்த வாரம் தலைவர் முன் வைத்தேன். சொன்ன இடம் மன்றத்துக்கு வெளியே, காற்று வேறு பலமாக இருந்திருக்கிறது, ஆகவே சொன்னவர் அட்டர்னியா காற்றா என்று உறுதி இல்லை என்று தள்ளிவிட்டார். டெமெயின் படிவத்தில் 'ஆமாம்' என்ற கட்டத்தில் மன்றமே குறி போட்டு, கோப்பை முடித்து, சீல் குத்தியது. புரிங் கேட்ட சீல் அந்த ஒரு காகிதத்தில்தான் விழுந்தது. பொது ஜெபத்தைக் கலைத்த குற்றத்துக்காக அவள்மேல் ஒரு வழக்கு இருக்கிறது. அது மட்டும் மளமளவென்று நடக்கிறது. கம்பெனியும் விதியைத் திருத்திவிட்டது. இப்போது நாலு விநாடி இடைவெளி இல்லை. ஆமெனும் ஒலிபெருக்கியிலேயே வந்துவிடுகிறது, அட்டர்னி ரெம்புயானின் சொந்தக் குரலில், எல்லாப் பயணிகளுக்கும் சேர்த்து.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். கார்மெலித்தாவிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் இறக்கிப் பயணிகள் கூடத்தில் விட்டார்கள். வெளியே காற்று கூரைத் தகட்டை உரித்துக்கொண்டிருந்தது. காவலர் வரும்வரை புரிங்கை ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சனம் சும்மா இருக்குமா? ஒவ்வொருவராக வந்து திட்ட ஆரம்பித்தார்கள்.

"நாளைக்கு என் தங்கச்சி கல்யாணம்டி! உன் வாயில மண்ணு விழ!" என்றாள் சாக்கில் பன்றிக்குட்டியோடு நின்ற ஒருத்தி.

"என் பரீட்சை போச்சு! உன்னை யார் கத்தச் சொன்னா?" என்றான் ஒரு பையன்.

"பைத்தியத்தை எல்லாம் துறைமுகத்துக்குள்ள விட்டா இப்படித்தான்," என்றார் ஒரு ராணுவக்காரர். "மூணு நாள் லீவு, அதுல ஒரு நாளை முழுங்கிட்டா."

திட்டுகிறவர் முகத்தைப் புரிங் நிமிர்ந்து பார்த்தாள், முடியும்வரை கேட்டாள், அடுத்தவர் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் ஈரம், மழையா கண்ணீரா தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை. வா, மாடிக்குப் போய் உட்காரலாம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"இருங்க அண்ணே. திட்டட்டும். திட்டறதுக்கு உசுரோட இருக்காங்களே. எல்லாரும் திட்டட்டும்." கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், தூணோரமாக மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் நின்றாள். "அந்தப் பச்சைச் சட்டைக்காரர் இன்னும் திட்டலை."

அவள் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எங்களை நோக்கி வந்தார். புரிங் பெட்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.